குணமாலா வீட்டு வல்லூறு

ஏனாத்தூரில் குணமாலா வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் குடிக்கிற தண்ணீர்கூட வடிகட்டிய தண்ணீர்தான். வெள்ளைத் துணியை மடித்துக் குழாயில் கட்டி, அதன் வழியாக இறங்கும் தண்ணீரை மண்சட்டியில் பிடித்து, மதில்மேல் வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் ஒரு குருவியின் தொண்டைக்குள் போய்விடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. சமணர் வீடுகளில் மனிதர்கள் குடிக்க இப்படி வடிகட்டுவது வழக்கம். காக்கைக்கும் மைனாவுக்கும் வடிகட்டிக் கொடுத்தது அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

"நீ வடிகட்டிக் குடுக்கறே. அது குடிச்சிட்டு நேரா போயி புழுவைத் தேடிக்கினு இருக்குது," என்று அவள் கணவர் சாந்திநாதன் கேலி செய்வார்.

"அது அதோட வேலை. இது என் வேலைங்க," என்பாள் குணமாலா.

மகள் ஹர்ஷினிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் புதுக் கேமரா வாங்கியபோது, பழையதை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பத்திரமாக வைத்திரு என்றுதான் சொன்னாள். குணமாலா வைத்திருக்கிற ஆளா? தோசைக்கல் காய்வதற்குள் ஒரு தேன்சிட்டு, குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு செம்போத்து என்று எடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். சமையலறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் லென்ஸை நீட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்க வேண்டியது சாந்திநாதனின் பொறுப்பு.

அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருப்பதே அவருக்குத் தெரியாது என்று குணமாலா குறை சொல்வாள். இப்போது கம்பு, தினை வாங்கி வருவது, பூனையை விரட்டுவது, வெயிலில் நின்று படம் எடுக்கிறவளுக்குக் குடை பிடிப்பது எல்லாம் அவர்தான். ஆனால் பெயர் மட்டும் தலைகீழாக நின்றாலும் அவருக்கு ஏறாது. எல்லாமே குருவிதான். மீன்கொத்தி நீலக் குருவி. ஆந்தை ராத்திரிக் குருவி.

எலுமிச்சைச் செடியில் ஒருமுறை தையல்சிட்டு கூடு கட்டியது. எந்தத் தறி வீட்டு வாசலில் பொறுக்கியதோ, கூட்டுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டு இழைகளை மெத்தை போலப் பரப்பி வைத்திருந்தது. குணமாலாவோ காஞ்சிபுரத்தை ஒட்டிக் குடியிருந்துகொண்டு பட்டே கட்டாதவள். புழுவைக் கொன்று எடுத்த நூல் உடம்பில் படக் கூடாது என்பாள். அந்தக் கூட்டின் படத்தை அவள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, 'எங்கள் வீட்டில் பட்டு உடுத்தும் ஒரே பெண்மணி' என்று சாந்திநாதன் கீழே எழுதினார். உறவுக்காரர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். குணமாலாவும் சிரித்தாள். கேமரா வந்த பிறகு அவள் நிறையச் சிரித்தாள்.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த நாளில் அது நடந்தது.

துவைக்கிற கல்மேல் போட்டிருந்த கம்பைப் புள்ளிப்புறாக்கள் கொத்திக்கொண்டிருந்தன. குணமாலா ஜன்னலில் நின்று ஒரு புறாவின் கழுத்துப் புள்ளிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். வேப்பமரத்துப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் என்னவோ சரிந்து வந்தது. மற்ற புறாக்கள் படபடவென்று எழும்பிப் பறந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்த புறா மட்டும் கல்லோடு கல்லாகக் கிடக்க, அதன்மேல் ஒரு வல்லூறு உட்கார்ந்திருந்தது. சிவந்த கண், கோடு போட்ட மார்பு, மஞ்சள் கால். இத்தனை அருகில் அவள் வல்லூறைப் பார்த்ததே இல்லை. விரல் பட்டனை அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது. வல்லூறு புறாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் விரல் எழுந்தது.

அவள் வாழ்நாளில் எடுத்த படங்களில் அவைதான் மிக நல்ல படங்கள். அதுவே பெரிய வினையாகப் போயிற்று. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் படத்தில் புறாவின் கண் திறந்திருந்தது. அடுத்ததில் ஒரு சிறகு விரிந்திருந்தது. அதற்கடுத்ததிலும் கண் திறந்துதான் இருந்தது. அடுத்ததிலும். இத்தனை படம் எடுக்க நேரம் இருந்திருக்கிறது. ஒரு தடவை கை தட்ட நேரம் இல்லையா? கம்பைப் போட்டு வரவழைத்ததும் நான்தான், கொலை நடக்கும்போது வேடிக்கை பார்த்ததும் நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது தோன்றியபடியே உள்ளே உட்கார்ந்துவிட்டது.

கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சமையலறை ஜன்னலையும் சாத்தினாள்.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அன்று சாந்திநாதன் தட்டில் மோர் ஊற்றும்போது அவள் சொன்னாள்.

"சதுர்த்தசிக்குத் திருப்பருத்திக்குன்றம் கோயிலுக்குப் போறோமில்ல. மாதாஜி வந்து தங்கியிருக்காங்களாம். அவங்க முன்னாடி விட்டுடறேன்."

"எதை?"

"கேமராவை. உயிர் இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன்."

மாதாஜி போன்ற சமணத் துறவியின் முன்னால் ஒன்றை விடுவதாகச் சொல்லிவிட்டால் அது விட்டதுதான். அதுவும் குணமாலா விஷயத்தில் கேட்கவே வேண்டாம். மண்ணுக்கடியில் விளைவதைப் பிடுங்கினால் எத்தனையோ உயிர் சாகிறது என்று பல வருஷங்களுக்கு முன் உருளைக்கிழங்கை அப்படித்தான் விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் உருளைக்கிழங்கு நுழைந்ததே இல்லை. சாந்திநாதன் அந்த வறுவலை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறார். இப்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாளும் கேலி செய்துகொண்டிருந்த மனிதர், தொல்லை ஒழிந்தது என்று சந்தோஷப்படாமல் எதற்கு இப்படி வாடிப்போகிறார் என்று குணமாலாவுக்கு விளங்கவில்லை.

மறுநாளே சாந்திநாதன் பன்னீர்க்கட்டி வாங்கி வந்தார். அதைச் சதுரம் சதுரமாக நறுக்கி மதில்மேல் வரிசையாக வைத்தார்.

"என்னாங்க இது?"

"அதுக்குத்தான். நல்ல புரோட்டீன். வயிறு ரொம்பிட்டா அது எதுக்குப் புறாகிட்டப் போவுது? அது திருந்திட்டா நீ எதையும் விட வேண்டியதில்லையே."

குணமாலா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வல்லூறு மதில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனாத்தூர்க் காக்கைகள் அத்தனையும் வந்து தின்றுவிட்டு, இன்னும் இல்லையா என்று கத்தின. அடுத்து மீல்மேக்கரை ஊறவைத்துப் போட்டார். "பாக்கறதுக்குக் கறி மாதிரியே இருக்குதேம்மா," என்று அவளிடம் காட்டி வேறு போனார்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு ஜெபகுமாருடையது. எலக்ட்ரீஷியன். வேப்பமரம் அவன் பக்கம்தான் நிற்கிறது. "சார், அப்படியே சாம்பாரும் ஊத்திடுங்க," என்று அவன் மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னான். தங்கமான பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்கும்போது இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். யாரும் சொல்லிச் சாத்துவதில்லை. குணமாலாவுக்கு அது தெரியும். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வல்லூறைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும் சாந்திநாதன் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார். நாற்காலியைத் தோட்டத்தில் போட்டுக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காவல் இருந்தார். மரத்தில் நிழல் அசைந்தாலும் டணடணவென்று தட்டினார். தெருவில் குல்ஃபி வண்டி வந்துவிட்டதாக நினைத்துப் பிள்ளைகள் ஓடி வந்து ஏமாந்து போனார்கள். ஆனால் ஒரு புறாவும் சாகவில்லை. அன்றாடம் சாப்பிடும்போது அதைச் சொல்லிக்கொள்வார்.

"இன்னிக்கும் ஒண்ணும் நடக்கலம்மா. ரெண்டு வாட்டி வந்துது. வெறுங்காலோட அனுப்பிட்டேன்."

குணமாலா கேட்டுக்கொண்டாள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஜன்னலை மட்டும் திறக்கவில்லை. வேப்பமரத்துப் பக்கமிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு மெல்லிய கத்தல் அடிக்கடி கேட்டது. முன்பென்றால், இது என்ன பறவை என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பாள். இப்போது, நமக்கென்ன, அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே என்று காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்தாள். பிறகு அந்தக் கத்தல் மெலிந்துகொண்டே போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் சதுர்த்தசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. குணமாலா குளித்து, வெளுத்த பருத்திப் புடவை கட்டி, தாம்பாளத்தில் அரிசியும் பூவும் பழமும் எடுத்து வைத்துவிட்டாள். ஷேர் ஆட்டோவுக்கு நேரமாகிறது என்று அவரைக் கூப்பிடத் தாம்பாளத்தோடு தோட்டத்துப் பக்கம் போனாள். அவர் வேட்டி கட்டித் தயாராக இருந்தவர், கிளம்புகிற நேரத்திலும் விடாமல் கடைசியாக ஒரு சுற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஜெபகுமாரின் குரல் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் இப்படி வாங்களேன். மரத்துலேருந்து என்னமோ விழுந்து கிடக்குது. கோழிக்குஞ்சு மாதிரிதான் இருக்குது. மூக்கு மட்டும் வளைஞ்சிருக்குது."

மதிலில் இருந்த சின்னக் கதவு வழியாக இருவரும் போனார்கள். வேம்பின் அடியில் சருகு குவிந்த இடத்தில் ஒரு வல்லூறுக் குஞ்சு கிடந்தது. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே பழுப்புச் சிறகு முளைத்துக்கொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. குணமாலா குனிந்து பார்த்தாள். அடி எதுவும் படவில்லை. கழுத்துக்குக் கீழே இரைப்பை மட்டும் ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். கிளைக் கவட்டில் குச்சிக் கூடு. கூட்டுக்கு நேர் எதிரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சாந்திநாதனின் நாற்காலி.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தாய் கிட்டவே வர முடியலங்க," என்றாள். "நீங்க தட்டத் தட்ட அது பயந்துக்கினு திரும்பிப் போயிருக்குது. பசி தாங்காம இது கூட்டு ஓரத்துக்கு வந்து விழுந்திருக்குது."

சாந்திநாதன் கையில் இன்னும் தட்டு இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாதவர்போல அதையே பார்த்தார். "நான் புறாவைத்தானேம்மா காப்பாத்தினேன்," என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது அவளுக்கு.

"உங்க மேல மட்டும் தப்பு இல்லைங்க. இது எத்தனை நாளா கத்திக்கினு இருந்துது. என் காதுல விழத்தான் செஞ்சுது. எட்டிப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கினு உள்ள இருந்துட்டேன்."

"பால்சோறு எடுத்தாரட்டுமா அக்கா?" என்று கேட்டான் ஜெபகுமார்.

"பால் ஆவாது. அது எதைத் திங்குதோ அதைத்தான் குடுக்கணும்."

சொல்லிவிட்டு நின்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஜெபா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே. உங்க வீட்டுல கறி இருக்குதா?"

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும் என்று ஜெபகுமார் கனவிலும் நினைத்ததில்லை. சாந்திநாதன் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இருக்குதுக்கா," என்றான் அவன் மெதுவாக. "இப்பதான் கழுவி வச்சேன். மசாலா எதுவும் போடல."

"எலும்பு இல்லாம, சின்னச் சின்னதா நறுக்கி எடுத்துக்கினு வா."

அவன் ஒரு கிண்ணத்தோடு வந்தான். கரண்ட் வேலைக்குப் போடும் ரப்பர் உறையைக் கைகளில் மாட்டி, குஞ்சை நகம் படாமல் பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தத் தடித்த உறையோடு அவனால் ஊட்டவும் முடியாது, விட்டால் குஞ்சைப் பிடிக்க வேறு ஆளும் இல்லை. அவன் மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். சாந்திநாதனைப் பார்த்தான். சாந்திநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குணமாலா தாம்பாளத்தை மதில்மேல் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கிண்ணத்துக்குள் கையை விட்டாள். சில்லென்று வழுக்கியது. உடம்பு முழுக்கக் கூசியது. பிறந்ததிலிருந்து அவள் விரல் பட்டிராத ஒன்று அது. ஒரு துண்டை எடுத்து வளைந்த அலகுக்கு முன்னால் நீட்டினாள். குஞ்சு வாங்கவில்லை. அலகின் ஓரத்தில் தொட்டுக் காட்டினாள். சட்டென்று பிடுங்கிக்கொண்டது. விழுங்கியது. மறுபடியும் வாயைத் திறந்தது.

அவள் உதடுகள் சமணர்கள் அன்றாடம் ஓதும் ணமோகார மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. கிண்ணத்திலிருந்த கோழிக்காகச் சொல்கிறாளா, கையிலிருந்து வாங்கித் தின்கிற குஞ்சுக்காகச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிக்கொண்டே ஊட்டினாள். இரைப்பை மெல்ல உருண்டு வந்தது. கடைசித் துண்டை விழுங்கியதும் குஞ்சு கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. குணமாலாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

ஜெபகுமார் ஏணியைச் சாய்த்து ஏறி, குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டு இறங்கினான். கூட்டில் இன்னொன்றும் இருக்கிறது, இதைவிடப் பெரியது, எப்போதோ கிடைத்த கொஞ்சத்தையும் அதுவே தின்றிருக்கும்போல, அது தெம்பாகத்தான் இருக்கிறது என்றான். இனி மரத்தருகில் ஆள் நிற்கக் கூடாது என்று குணமாலா எல்லோரையும் விரட்டினாள். வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். துருப்பிடித்த கொக்கி முரண்டு பிடித்துத்தான் திறந்தது.

சாந்திநாதன் பின்னால் வந்து நின்றார்.

"குளிச்சிட்டு வரியாம்மா? கோயிலுக்குப் போவணுமே."

"போலாம். முதல்ல அது வரட்டும்."

அவர் கேட்க நினைத்தது வேறு. கேட்காமல் நின்றார். இருவரும் மூச்சுக் காட்டாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் மதிலைத் தாண்டித் துவைக்கிற கல்வரை வந்துவிட்டது. அணில் ஒன்று கீழே இறங்கிப் போயிற்று. தாய் இனி வராதோ என்று அவள் பயந்துபோனாள்.

வந்தது. தட்டுச் சத்தம் இல்லாத தோட்டத்தை நம்பாமல், முதலில் தூரத்து மின்கம்பத்தில் உட்கார்ந்தது. பிறகு தாழப் பறந்து வந்து கூட்டின் ஓரத்தில் இறங்கியது. காலில் ஒரு புறா தொங்கியது. கழுத்துப் புள்ளிகள் இங்கிருந்தே தெரிந்தன. குணமாலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் புறாவுக்காக அவளுக்கு அழுகை வந்தது. அது தன் மண்சட்டியில் தண்ணீர் குடித்த புறாவாகவும் இருக்கலாம். கை தட்டவில்லை. தாய் குனிந்து ஒரு துணுக்கைப் பிய்த்து, தலையைச் சாய்த்து, எவ்வளவு மெதுவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கொடுத்தது. அவர்கள் கீழேயிருந்து எடுத்த குஞ்சுதான் முதலில் வாங்கியது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கண்ணை எடுக்காமல் அவள் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"அதைக் கொண்டாங்க."

எதை என்று அவர் கேட்கவில்லை. சாவியைத் தேடவும் இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்து கையில் கொடுத்தார்.

"இத்தனை நாளு பூட்டிக் கிடந்துதே. சார்ஜ் எங்க இருக்கப் போவுது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பட்டனைத் தள்ளினாள். திரை பளிச்சென்று எரிந்தது. பேட்டரி நிறைந்திருந்தது. குணமாலா திரும்பிப் பார்த்தாள்.

சாந்திநாதன் தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்போலத் தரையைப் பார்த்தார்.

"நீ தூங்கின அப்புறம் எடுத்து எடுத்துப் போட்டு வைப்பேன்," என்றார். "நீ எப்ப கேப்பேன்னு எனக்குத் தெரியாதில்ல."